அண்ணல் அதை எங்கே சொன்னார்?

ஏப்ரல் 14 கட்டுரைப் போட்டிக்கு எங்கள் மாலைநேரப் பயிற்சி மையத்துப் பிள்ளைகள் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தேன். பாதிக் கட்டுரைகளில் "அண்ணல் அம்பேத்கர் சொன்னார்" என்று ஒரு வரி. "எந்தப் புத்தகத்துல சொன்னார்?" என்றேன். "வாட்ஸ்அப்ல வந்துச்சுக்கா" என்றான் ஒன்பதாவது படிக்கும் தம்பி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகலை படித்தபோது, தனிக்குவளை பற்றி நான் எழுதிய கட்டுரையின் ஓரத்தில் சிவப்பு மையில் "ஆதாரம்?" என்று எழுதினார் பேராசிரியர். "சாதி வெறும் தொழில் பிரிவினைதான்" என்று எழுதிய வகுப்புத் தோழரை அவர் அப்படிக் கேட்கவில்லை. ஆதாரம் கேட்பதிலும் சாதி இருக்கிறது. அதற்காக ஆதாரமே வேண்டாம் என்று நாம் விட்டுவிட்டால், நஷ்டம் நமக்குத்தான். ஒரு பொய் மேற்கோள் பிடிபட்டால் போதும், நாம் சொல்லும் நூறு உண்மைகளையும் பொய் என்பார்கள்.

அண்ணல் எப்படி எழுதினார்? 1916 மே மாதம், 25 வயது மாணவராக, கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசித்தார். செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகிய நால்வரும் சாதிக்குத் தந்த விளக்கங்களை அவரவர் பெயரோடு எடுத்துவைத்தார். ஒவ்வொன்றிலும் உள்ள குறையைக் காட்டினார். கலப்புமணத் தடை, பிறப்பால் வரும் உறுப்புரிமை என இரண்டு இயல்புகளைச் சொன்னார் கேட்கர். இரண்டும் ஒன்றேதான் என்றார் அண்ணல். வெளியே மணமே இல்லையென்றால், உள்ளே பிறந்தவர் தவிர வேறு யார் உறுப்பினராக முடியும்? இப்படித்தான் அகமணமே சாதியின் சாரம் என்ற முடிவுக்கு வந்தார். மேற்கோளை அவர் ஜோடனைக்கு வைக்கவில்லை, அதோடு மல்லுக்கட்டினார்.

புத்தகம் மட்டும்தான் ஆதாரமா? இல்லை. நம் பாட்டி சொன்னதும் ஆதாரமே. யார் சொன்னது, எந்த ஊர், எப்போது என்று குறித்துவையுங்கள். பெயர் போட அவரிடம் அனுமதி கேளுங்கள். வன்கொடுமைப் புகார் எழுதும்போதும் இதைத்தான் சொல்கிறேன்: "சாதி சொல்லித் திட்டினார்" என்பது மட்டும் போதாது, என்ன சொல், எந்த இடம், யார் காதில் விழுந்தது என்பதெல்லாம் வேண்டும்.

அந்தத் தம்பி அண்ணலின் தொகுதியை இரண்டு நாள் புரட்டினான். வாட்ஸ்அப் வரி அகப்படவில்லை. அடித்துவிட்டு வேறொன்றை எழுதினான், பக்க எண்ணோடு. இனி எவரும் "எங்கே?" என்று கேட்கட்டும். அவன் பக்கத்தைத் திறந்து காட்டுவான்.