மலைப்பாதையும் வண்டியின் மூட்டுக்களும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் போய்வர வேண்டுமென்ற ஆசை, சமவெளியில் வசிக்கும் நம்மவரில் பெரும்பாலோருக்கு உண்டாவது சகஜம். வீட்டில் ஒரு பழைய காரும் இருந்துவிட்டால் ஆசை தீர்மானமாகவே ஆகிவிடுகிறது. ஆனால் வண்டியைப் பரிசோதித்த மெக்கானிக் ஒரு நீண்ட ஜாபிதாவை நீட்டுகிறார். ஷாக் அப்சார்பர் நான்கு, லோயர் ஆர்ம் இரண்டு, பால் ஜாயின்ட், லிங்க் ராடு, புஷ் வகைகள் என்று அது வளர்ந்துகொண்டே போகிறது. உபாத்தியாயர் சம்பளத்தில் அடங்காத அந்தத் தொகையைக் கண்டதும், பிரயாணத்தையே கைவிடுவதா, அல்லது "இத்தனை நாள் ஓடிய வண்டி இன்னும் ஒரு மாதம் ஓடாதா?" என்று கிளம்பிவிடுவதா என்ற யோசனை பிறக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பது நமது அபிப்பிராயம்.

மோட்டார்ப் பாதை ஏற்படுவதற்கு முன், பெரியகுளம் பக்கத்திலிருந்து டோலியிலும் குதிரையிலும் மலையேறினார்கள். டோலியில் அமர்ந்தவர்களுக்குச் சுமப்பவர்களின் தோள்களே ஸ்பிரிங்குகளாக உதவின. இன்று அந்தப் பாரத்தை வண்டியின் அடிப்பாகம் ஏற்றிருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து வரும் பாதையும், பழனியிலிருந்து வரும் பாதையும் பெருமாள்மலையில் ஒன்று கூடி, சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலுக்குச் செல்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் கனம் வெளிப்புறச் சக்கரங்களின்மீது சாய்கிறது. இறங்கும்போது பிரேக்கை அழுத்த அழுத்த, முன் சக்கரங்களின்மீது சுமை ஏறுகிறது. ஊருக்குள் 'கடகட' என்று முணுமுணுப்பதோடு நிற்கும் குறை, மலையில் ஆபத்தாக முடியக்கூடும்.

ஆகையால் ஜாபிதாவை விலையின்படி பார்க்காமல், வேலையின்படி பிரித்துப் பார்க்க வேண்டும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் உறுப்புக்கள் ஒரு வகை. பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம், ஸ்டீயரிங்கைச் சேர்ந்த டை ராடின் முனை ஆகியவை இதில் அடங்கும். பால் ஜாயின்ட் கழன்றுவிட்டால் சக்கரம் மடங்கிவிடும். வண்டி நம் வசத்தில் இராது. இவற்றில் ஆட்டம் கண்டிருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. பழைய சாமான் வாங்கவும் கூடாது.

அடுத்தது ஷாக் அப்சார்பர். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது இது. எண்ணெய் கசிந்து இதன் உடல் நனைந்திருந்தால் ஆயுள் முடிந்ததென்று கொள்ளலாம். துள்ளும் சக்கரம் தரையைச் சரியாகப் பற்றாது, பிரேக்கும் பிடிக்காது. இதை ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது தவறு. முன்னிரண்டையோ பின்னிரண்டையோ ஜோடியாகவே மாற்ற வேண்டும். பின்னிரண்டும் நல்ல நிலையில் இருந்தால், நான்கையும் ஒரே நாளில் மாற்றுவது அவசியமில்லை.

மூன்றாவது வகை லிங்க் ராடும் சிறு ரப்பர் புஷ்களும். விலை சொற்பம், சத்தம் போடுவதிலோ இவையே முதன்மை. பெரிய செலவென்று பயமுறுத்திய 'கடகட' சத்தம், பல சமயங்களில் இந்தச் சிறு சாமான்களிலிருந்தே வருகிறது. எனவே, வண்டியைத் தூக்கி நிறுத்தி, தேய்ந்த இடத்தைக் கண்ணால் காட்டும்படி மெக்கானிக்கைக் கேட்பதில் தயக்கம் கூடாது. நல்ல தொழிலாளி அதை அவமதிப்பாக எண்ணமாட்டார்.

1958 முதல் 2014 வரை தயாரான அம்பாஸடர் வண்டியின் பின்புறத்தில் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங் இருந்தது. ஒரு பட்டை முறிந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 1983-ல் வந்த மாருதி 800 முதலான வண்டிகளிலோ, முன்புறத்தில் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இதைக் கழற்றிப் பூட்டுவதற்கே கூலி அதிகம். ஆகவே கழற்றும்போதே அதன் தலைப்பிலுள்ள ரப்பர் மவுண்டையும் பேரிங்கையும் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டால் கூலி ஒரு முறையோடு போகும். ஆனால் அமுக்கி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே அபாயம். சிக்கனத்தை உத்தேசித்து இந்த வேலையை வீட்டு வாசலில் செய்து பார்க்க வேண்டாம்.

இனி, எங்கே வாங்குவது? கார்க் கம்பெனிகள் ஷாக் அப்சார்பர் போன்ற உறுப்புக்களைப் பெரும்பாலும் வேறு தொழிற்சாலைகளிடம் வாங்கியே பொருத்துகின்றன. 1961-ல் தொடங்கப்பெற்ற கேப்ரியல் இந்தியா அவ்வாறு செய்து கொடுக்கும் நிறுவனங்களில் ஒன்று. இத்தகைய நிறுவனங்கள் தங்கள் பெயரிட்ட பெட்டியிலும் சாமான்களை விற்கின்றன. கார்க் கம்பெனியின் பெட்டியைவிட அது பெரும்பாலும் மலிவு. போலிச் சரக்கும் உலாவுவதால் ரசீது தரும் கடையிலேயே வாங்க வேண்டும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் கடைகள் கதவு, கண்ணாடி, விளக்கு ஆகியவற்றுக்கு உதவும். தேய்மானமே ஆயுளான உறுப்புக்களை அங்கே தேடுவது புத்திசாலித்தனம் ஆகாது. லோயர் ஆர்ம் வளையாமல் இருந்து, புஷ் தனியாகக் கிடைக்குமானால் புஷ்ஷை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதன் போல்ட்டை, வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே முழுதும் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்ப்பதையும் மறக்கலாகாது. அந்தச் சிறு செலவை மிச்சம் பிடித்தால், புது டயர் வாங்கும் பெருஞ்செலவு வந்து சேரும்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் அந்த நீண்ட ஜாபிதா, இந்த மாதம் செய்ய வேண்டியது, மழைக்கு முன் செய்ய வேண்டியது, வசதிப்பட்டபோது செய்ய வேண்டியது என மூன்று சிறு ஜாபிதாக்களாக ஆகிவிடும். முதலாவதற்கே கையில் பணமில்லையென்றால், வத்தலக்குண்டில் பஸ் ஏறிவிடுவதே உத்தமம். ஜன்னலோரத்தில் அமரும் குழந்தைகளுக்கு மலை அதே மலைதான். நம் வண்டிக்காக அது இன்னொரு வருஷம் காத்திருக்கவும் செய்யும்.