லத்தி அள்ளாதவருக்குக் குதிரை எதுக்குங்க?

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிஞ்சா எங்க பக்கத்துத் தோட்டங்களுக்குப் புதுசா குதிரைகள் வரும். வாங்கிட்டு வர்றவங்க பெரும்பாலும் டவுன்காரங்க. சனி, ஞாயிறு வருவாங்க, போட்டோ எடுப்பாங்க, போயிருவாங்க. குதிரை வளர்க்கறது தப்புன்னு சொல்லல. ஆனா ரெண்டு ஏக்கராவைக் கம்பி வேலி போட்டு நாலு குதிரையை அடைச்சுட்டு, "மாசாமாசம் குடல்புழு மருந்து ஊத்திடறோம், கவலையில்லை"ன்னு சொல்றாங்க பாருங்க, அதைத்தான் இன்னிக்குத் திட்டப்போறேன்.

போன வருசம் பக்கத்துத் தோட்டத்துக் குதிரைகளை நான்தான் பார்த்துக்கிட்டேன். பெருசுகளுக்கு மாசம் தவறாம மருந்து. ஆறு மாசக் குட்டி ஒண்ணு இருந்துச்சு. "சின்னதுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்"னு அதை விட்டுட்டாங்க. வயிறு மட்டும் பானையாட்டம் பெருத்து, முதுகெலும்பு தெரிய ஆரம்பிச்சதும் ஓனர் போன்ல ஒரு மருந்து பேர் சொன்னார். டாக்டரைக் கேக்காம வாங்கியாந்து நான்தான் ஊத்தினேன். மறுநாள் காலைல குட்டி கீழ விழுந்து புரளுது, வயித்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்குது. டாக்டர் வர்றதுக்குள்ள உயிர் போயிருச்சு.

அறுத்துப் பார்த்தா, சிறுகுடல் பூரா ஒரு ஜாண் நீளத்துக்கு வெள்ளைப் புழுக்கள், கயிறு திரிச்ச மாதிரி. மருந்து வேலை செய்யாம இல்லீங்க. நல்லாவே செஞ்சுது. அத்தனை புழுவும் ஒரே நேரத்துல செத்துக் குடலை அடைச்சுருச்சு. பாட்டில் பிடிச்சது இந்தக் கைதான். அதனால ஓனரை மட்டும் குத்தம் சொல்லல.

அந்தப் புழு எங்கிருந்து வந்துச்சு? அதுக்கு முந்தின வருசம் அதே மேய்ச்சல்ல இன்னொரு குட்டி வளர்ந்துச்சு. அதோட லத்தியை யாரும் அள்ளல. ஒரு பெட்டைப் புழு ஒரு நாளைக்கு லட்சத்துக்கு மேல முட்டை போடும். அந்த முட்டை மண்ணுல வருசக்கணக்கா உயிரோட கிடக்கும். பெரிய குதிரைக்கு அது அதிகமா ஒண்ணும் பண்ணாது, குட்டியைத்தான் பிடிக்கும். நீங்க ஊத்தற மருந்து வயித்துக்குள்ள இருக்கறதைத்தான் கொல்லும். மண்ணுல கிடக்கறதை அது தொடறதில்லை.

பெரிய குதிரைகளைப் பிடிக்கற சின்னச் சின்னப் புழுக்கள் வேற. மழை பெஞ்சு சூடும் இருந்தா ஒரு வாரம், பத்து நாள்ல லத்திக்குள்ள முட்டை பொரிஞ்சு, குஞ்சு புல்லுல ஏறிக்கும். பனித்துளியோட அதைக் குதிரை மேயும். குதிரைக்கு அறிவு இருக்குங்க, லத்தி போட்ட இடத்துல மேயாது. ஆனா அடைச்சு வெச்ச ரெண்டு ஏக்கராவுல புல்லு தீர்ந்துட்டா அது எங்க போகும்?

மாசாமாசம் மருந்துங்கற பழக்கம் எங்க கிளம்புச்சுன்னு தெரியுமா? 1966ல அமெரிக்காவுல கென்டக்கி மாகாணத்து ஆராய்ச்சிக்காரங்க ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருக்கா குடுக்கச் சொன்னாங்க. ரத்தக்குழாயைக் கெடுக்கற ஒரு பெரிய புழுவுக்காகச் சொன்னது. அன்னிக்கு அது சரி. ஆனா வருசக்கணக்கா ஊத்தி ஊத்தி, சாகாத சின்னப் புழுவா பார்த்துப் பெருக விட்டுட்டோம். பழைய மருந்துகள் இன்னிக்குப் பல நாட்டுல அதுகளைக் கொல்றதில்லை. ஐவர்மெக்டின் கண்டுபிடிச்சவங்களுக்கு 2015ல நோபல் பரிசே குடுத்தாங்க. அப்பேர்ப்பட்ட மருந்தையும் தேவையில்லாம ஊத்தி வீணடிச்சுட்டா அடுத்தது எதை ஊத்துவீங்க? அது லத்தியில கலந்து, சாணி வண்டையும் சேர்த்துக் கெடுக்குது.

பத்துப் பெரிய குதிரை இருந்தா, ரெண்டு மூணுதான் முக்கால்வாசி முட்டையைப் போடும். லத்தியை டாக்டர்கிட்ட குடுத்து முட்டையை எண்ணச் சொல்லுங்க. அதிகமா போடறதுக்கு மருந்து குடுத்துட்டு, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எண்ணுங்க. குறையலைன்னா அந்த மருந்து உங்க தோட்டத்துல செத்துப்போச்சுன்னு அர்த்தம். குட்டிக்கு எந்த வயசுல, எந்த மருந்துங்கறதை டாக்டர்தான் சொல்லணும். போன்ல ஓனர் சொல்லக்கூடாது, நானும் ஊத்தக்கூடாது.

வாரம் ரெண்டு தடவை லத்தியை அள்ளிக் குப்பைக்குழியில போட்டு மக்க வையுங்க. குவியல் சூட்டுல முட்டையும் குஞ்சும் வெந்துரும். மழை நாள்ல லத்தியைக் கலைச்சு விடாதீங்க, புழுவை விதைச்ச மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு. "என் ஆடுகளைக் கொஞ்ச நாள் உள்ள விடறேங்க"ன்னு அந்த ஓனர்கிட்ட கேட்டேன். "ஆட்டுப் புழு குதிரைக்கு ஒட்டிக்கும்"னுட்டார். நிஜம் தலைகீழுங்க. ஒண்ணு ரெண்டு வகையை விட்டா, குதிரைப் புழு ஆட்டு வயித்துல பிழைக்காது, ஆட்டுப் புழு குதிரை வயித்துல பிழைக்காது. ஆடு மேய்ஞ்சா உங்க மேய்ச்சல் சுத்தமாகும். பைசா செலவில்லாத வைத்தியம், வேலிக்கு இந்தப் பக்கம் நிக்குது.

அடுத்த தடவை குதிரையோட போட்டோ போடும்போது லத்திக்கூடையையும் சேர்த்துப் போடுங்க. முதல் லைக் என்னோடது.