ஆயாவிடம் யார் கேட்பது?

ஆரோவில் விளிம்பில் இருக்கிறது குயிலாப்பாளையம். போயிருக்கிறீர்களா? அடுத்த முறை பேக்கரியோடு திரும்பிவிடாமல் ஊருக்குள்ளும் கொஞ்சம் நடந்து பாருங்கள்.

1968ல் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேடு, மழை அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்த செம்மண் பொட்டல். இன்று காடு. நட்டவர்களில் வெளிநாட்டுக்காரர்கள் உண்டு. கூலிக்குக் குழி வெட்டிய சுற்றுவட்டாரத்து ஜனங்களும் உண்டு. முதலில் வந்தது ஆஸ்திரேலிய ‘வேலை மரம்’. பிறகு இந்த மண்ணுக்கே உரிய மரங்களை மீட்க நினைத்தபோது விதை எங்கே கிடைத்தது தெரியுமா? கோயில் காடுகளில்! அப்படி மிஞ்சிய காடுகளில் ஒன்றுதான் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு. குச்சியை ஒடித்தால் சாமி கண்ணைக் குத்தும் என்ற பயம், சட்டம் செய்யாத வேலையைச் செய்திருக்கிறது.

சுற்றுச்சூழலும் பண்பாடும் பின்னிக் கிடப்பதைச் சொல்ல இதைவிட நல்ல பாடம் உண்டா? இதைப் படிக்க அமெரிக்காவிலிருந்து பட்ட வகுப்பு மாணவர்கள் பேராசிரியரோடு வந்து தங்குகிறார்கள். வரட்டும். நல்லதுதான். ஆனால் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் பி.ஏ., பி.எஸ்சி. படிக்கும் நம்ம பிள்ளைகள் எங்கே? அவர்களுக்கு பஸ் தூரம்தானே!

கல்லூரிகளில் சுற்றுச்சூழல் கல்வி வேண்டுமென்று உச்சநீதிமன்றம் 1991ல் சொன்னது. 2003ல் மறுபடி இடித்துச் சொன்னது. யுஜிசி தயாரித்த பாடத்திட்டத்தில் களப்பணியும் ஓர் அலகு. நாம் அதை என்ன செய்தோம்? நோட்ஸ் ஆக்கினோம். ப்ராஜெக்ட் எங்கே தயாராகிறது என்று கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் கேளுங்கள். வழிகாட்டி என்றால் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை சார், கூட நடக்கிறவர்.

‘டிகிரி படிக்கிற பையனுக்கு எதுக்கு ஆராய்ச்சி, வேலை கிடைக்குமா?’ என்பீர்கள். நூறு வருஷம் முன்னால் எட்கர் தர்ஸ்டன் நம் மூக்கை அளந்தார். 1909ல் ஏழு தொகுதி புத்தகம் போட்டார். இன்றும் நம்மைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைத்தான் புரட்டுகிறோம். கேள்வி கேட்கும் வேலையை நாம் எடுத்துக்கொள்ளாவிட்டால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

‘ஆயா, காடு வர்றதுக்கு முன்ன இங்க என்ன வெளஞ்சுது?’ என்று கேட்க நம்ம பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். சாமி காட்டுக்குள் யாரை விட்டார்கள், யாரை விடவில்லை என்று கேட்கிற துணிச்சலும் அவனுக்கு, அவளுக்கு வர வேண்டும். அதுதான் படிப்பு.

ஒரு மாணவர், ஓர் ஊர், ஒரு கேள்வி, ஒரு வருஷம், கூடவே ஓர் ஆசிரியர். எழுதியதைத் தமிழில் அந்த ஊரிலேயே வாசித்துக் காட்டட்டும். தப்பு இருந்தால் ஆயா திருத்துவார்.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. பஸ் டிக்கெட் போதும். ஆனால் சீக்கிரம் கிளம்ப வேண்டும். நம் செமஸ்டர் முடியும்வரை ஆயாக்கள் காத்திருக்க மாட்டார்கள்.