உறையவைத்த கருவும் தாயின் நலமும்

சீலோவின் ஆலயத்தில் அன்னாள் சிந்திய கண்ணீரை நாம் அனைவரும் அறிவோம். மகப்பேறு இல்லாளை உலகம் எள்ளும் வழக்கம் அன்று தொட்டு இன்றுகாறும் ஒழிந்திலது. அக்கண்ணீரைத் துடைக்க மருத்துவம் கண்ட வழிகளுள் ஒன்று, கண்ணாடிக் கலத்தில் உண்டாக்கிய கருவைச் சுழிக்குக் கீழ் 196 பாகைக் குளிருடைய நைட்ரஜன் திரவத்தில் உறையவைத்து, தக்க காலத்தில் தாயின் கருப்பையிற் சேர்ப்பதாகும். 1984-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இவ்வாறு ஒரு பெண்மகவு பிறந்தது. பின்னர் இம்முறை உலகெங்கும் பரவிற்று.

உறையவைத்த கருவே எஞ்ஞான்றும் மேலானது என்பார் இன்று உளர். அஃது உண்மையோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

சினைப்பையில் நீர்க்கட்டிகள் பலவுடைமையால் மகப்பேறின்றி வருந்திய 1,508 பெண்களை இரு கூறாக்கிச் சீன மருத்துவர் ஆராய்ந்து, 2016-இல் முடிவை வெளியிட்டனர். முதன்முறையிலேயே உயிருள்ள மகவைப் பெற்றோர், புதிய கருவை ஏற்றாருள் நூற்றுக்கு 42 பேர். உறைந்த கருவை ஏற்றாருள் 49 பேர். முட்டைகளைப் பெருக்கும் மருந்தினாற் சினைப்பை அளவிறந்து வீங்கும் தீங்கும் நூற்றுக்கு 7.1-இலிருந்து 1.3-ஆகக் குறைந்தது. மருந்தின் வேகந் தணிந்து உடல் இளைப்பாறிய பின்னரே கரு சேர்கின்றதன்றோ?

ஆயினும், இரத்த அழுத்தம் மிகுந்து தாயின் உயிர்க்கே இடர் விளைக்கும் பிரீ-எக்லாம்சியா என்னும் நோய், அதே ஆய்வில், நூற்றுக்கு 1.4-இலிருந்து 4.4-ஆக உயர்ந்தது. மேலும், நீர்க்கட்டி நோயில்லாத பெண்களிடை நிகழ்ந்து 2018-இல் வெளிவந்த இரு ஆய்வுகளில், உறையவைத்தலாற் பெரும்பயன் காணப்பட்டிலது. வியட்நாமில் உறைந்த கருவினால் நூற்றுக்கு 33.8 பேரும், புதிய கருவினால் 31.5 பேரும் மகவு பெற்றனர். சீனத்தில் முறையே 48.7, 50.2.

ஆகவே யாம் துணிவது இது: உறையவைத்தல் தீதன்று, எல்லார்க்கும் பொதுவாய நன்றும் அன்று. சினைப்பை வீங்குமென்னும் அச்சமுடையாட்கு அது காவல். ஏனையோர்க்கு அதனை விதியென விதித்தல் முறையன்று. உறைந்த கருவை ஏற்க நேரினும், இயற்கையாக முட்டை வெளிப்படும் மாதத்தில் ஏற்பார்க்கு அந்நோய் குறைவெனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இவையனைத்தையும் மருத்துவர் முன்னரே எடுத்துரைத்தல் கடமையாம்.

“மகவுக்கு ஏங்குபவளிடம் நோயின் கணக்கைக் கூறி அச்சுறுத்தலாமோ?” என்பார் சிலர். ஏங்குவாள் எதனையும் தாங்குவாள் என்று கொண்டு உண்மையை மறைத்தல் இரக்கமன்று. அவள் ஏக்கத்தை விலைப்படுத்துதலாகும். கரு நின்றதா என்பதோடு கணக்கு முடிவதில்லை. தாயும் சேயும் நலமே இல்லம் புகுந்தனரா என்பதே கணக்கு.

அன்னாள் சாமுவேலைப் பெற்றதோடு நின்றாளல்லள். ஆண்டுதோறும் அவனுக்கு ஒரு சிறு சட்டை தைத்துக் கொண்டுசென்றாள். பிள்ளையைத் தருவதாகக் கூறும் மருத்துவம், அச்சட்டையைத் தைக்கும் கைகளையும் காப்பதாக.