சஸ்பெண்ட் பண்ணினால் சரியாகிவிடுமா?

ஆன்லைன் சூதாட்டத்தில் செமஸ்டர் ஃபீஸைத் தொலைத்த பையனுக்குப் பல கல்லூரிகளில் கிடைக்கும் வைத்தியம் இரண்டுதான். ஒன்று சஸ்பென்ஷன். இன்னொன்று, 'அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா.' அப்பா வருவார். நாலு பேர் முன்னால் அறைவார். அப்புறம் வட்டிக்கு வாங்கிக் கடனை அடைப்பார். மறுவாரமே பையன் புது அக்கவுன்ட்டில் உட்கார்ந்திருப்பான். விட்டதைப் பிடிக்கணுமே!

'கொழுப்பு சார்' என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-லேயே இதைக் குடி, போதை வரிசையில் சேர்த்துவிட்டது.

'அதான் 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடை பண்ணியாச்சே?' பண்ணியாச்சு, நல்ல காரியம். தமிழ்நாட்டில் லாட்டரியைக்கூட 2003-ல் தடை செய்தோம். மூணு நம்பர் லாட்டரி விற்றவர் கைது என்று இன்னமும் பேப்பரில் வருகிறது.

குடித்தால் வாடை காட்டிக்கொடுக்கும். இதற்கு வாடை கிடையாது. ரூம்மேட்டிடம் ஐந்நூறு, ஜூனியரிடம் இருநூறு, 'சர்வீஸுக்கு'ப் போன லேப்டாப், ராத்திரி முழுக்கப் போர்வைக்குள் வெளிச்சம், கேட்டால் எரிச்சல். இதையெல்லாம் முதலில் பார்ப்பவர் பிரின்ஸிபால் இல்லை, ரூம்மேட். சொன்னால் நண்பனுக்கு டி.சி. என்றால் அவன் ஏன் வாயைத் திறப்பான்?

ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் அபராதப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே 14416 என்று பெரிசாக எழுதுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அப்பாக்களே, கடனை அடைப்பதானால் கொடுத்தவரிடம் நேராகக் கொடுங்கள். பையன் கையில் வேண்டாம். ஃபீஸையும் நீங்களே கல்லூரிக் கணக்கில் கட்டுங்கள். டாக்டரிடம் கூடப் போங்கள். அவன் பேசும்போது வெளியே உட்காருங்கள்.