நாலு தந்தியும் ஏழு தந்தியும்

சென்ற வாரம் ஆட்டையாம்பட்டியில் ஒரு வழக்கு நம்மிடம் தீர்ப்புக்கு வந்தது. நண்பர் ஒருவரின் புதல்வி மூன்று வருஷமாகப் பிடில் பயின்று வருகிறாள். "வில்லை மிக மெல்லப் போடுகிறாள், ஸார்! சபையில் எடுபடாது. நிறுத்திவிடலாமென்று எண்ணுகிறேன்" என்றார் தந்தை. பெண் தலை குனிந்து நின்றாள். உடனிருந்த மற்றொரு நண்பரோ, "அந்தச் சீமை வாத்தியம் நமக்கு எதற்கு?" என்று ஒரே போடாகப் போட்டார்.

பின்னவருக்கு முதலில் விடை சொல்வோம். பிடில் சீமையிலிருந்து வந்தது மெய்தான். ஆயினும் முத்துஸ்வாமி தீக்ஷிதரின் இளைய சகோதரர் பாலுஸ்வாமி தீக்ஷிதர் அதைக் கற்று நமது ஸங்கீதத்துக்கு இசைவித்தார். தஞ்சை வடிவேலுவுக்கு ஸ்வாதித் திருநாள் மகாராஜா 1834-இல் தந்தப் பிடில் ஒன்றைப் பரிசளித்தார். நின்றபடி வாசித்த வாத்தியத்தைத் தரையில் அமர்ந்து வாசிக்கச் செய்து, அதன் தலையை வலப் பாதத்தில் சாய்த்து, தந்திகளை ஸட்ஜ பஞ்சமமாகச் சேர்த்துவிட்ட பின்னர் அதை அந்நியமென்பது எங்ஙனம்?

இனி, மெல்லிய நாதத்தின் கதை. ஒலிபெருக்கி பரவாத நாளில் மகாவித்வான்களுக்கும் இக்கவலை இருந்தது. மைசூர் சௌடையா (1895-1967) நாலு தந்திகளோடு மேலும் மூன்றைக் கூட்டி, 1927-இல் ஏழு தந்திப் பிடிலை ஏற்படுத்தினார். அதன் கம்பீர நாதம் கடைசி வரிசைவரை சென்றது. பெங்களூரில் அவர் நினைவு மண்டபம் பிடில் வடிவிலேயே நிற்கிறது.

துவாரம் வெங்கடசாமி நாயுடு (1893-1964) வேறு வழி கண்டார். தந்தியைக் கூட்டவில்லை, வில்லைப் பண்படுத்தினார். மேனாட்டார் வில் பிடிக்கும் முறையையும் ஆராய்ந்து, நீண்ட வீச்சில் இனிமையைப் பொழிந்தார். கண்பார்வை குன்றியிருந்தும், பக்கவாத்தியமாயிருந்த பிடிலைத் தனிக் கச்சேரி மேடையில் அமர்த்தினார். சென்னை ஸங்கீத வித்வத் ஸபை 1941-இல் அவருக்கும், 1957-இல் சௌடையாவுக்கும் ஸங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. இரு வழிகளுக்கும் ஒரே மாலை!

இங்கிலாந்திலும் இவ்வாறே. தனிப் பிடிலும் பெரிய வாத்தியக் கோஷ்டியும் உரையாடும் உருப்படியை அங்கே 'கன்செர்ட்டோ' என்பர். இளமையில் தாமே பிடில் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த எல்கார், 1910-இல் அரங்கேறிய தம் கன்செர்ட்டோவில் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாக அந்தரங்கமாய் மனம் திறக்கிறார். வால்டன், ஹைபெட்ஸ் என்ற மகா வித்வானுக்கென்று இயற்றி 1939-இல் அரங்கேறியதோ, மின்னலாய்ப் பாய்கிறது. அரை மணியில் முடிந்துவிடுகிறது. ஒன்றைக் கொண்டாட மற்றதைத் தள்ள வேண்டுமா என்ன?

நமது ஊரின் கைமுறுக்கை அறியாதவரில்லை. மாவு ஒன்றேயானாலும் சுற்றிய கை இன்னதென்று முறுக்கே சொல்லிவிடும். பிடிலும் அப்படித்தான். குழந்தையின் கையை மாற்ற முயல்வதைவிட, அக்கை என்ன சொல்கிறதென்று கேட்பதே பெற்றோர் கடமை.

இவ்வளவும் சொல்லி, துவாரத்தின் இசைத்தட்டுப் பதிவொன்றையும் போட்டுக் காட்டினோம். பிறகு பெண்ணை வாசிக்கச் சொன்னோம். அவள் மெல்லத்தான் தொடங்கினாள். சிறிது நேரம் சென்றது. தந்தை எழுந்தார், கோபித்துக்கொண்டு புறப்படுகிறார் போலும் என்று நாம் அஞ்சினோம். அவர் போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து அமர்ந்தார்.