பல்செட்டுக்கு ட்ராயிங் எங்கே?

1/
ஓசூர் சிப்காட்ல ஏதாவது ஒரு சின்ன லேத் பட்டறைக்குப் போங்க. "அண்ணே, ஒரு புஷ் கடைஞ்சு குடுங்க, சுமாரா இவ்ளோ சைஸ் இருக்கும், அர்ஜென்ட்"னு சொல்லிப் பாருங்க. "ட்ராயிங் கொண்டாங்க சார்"னுதான் பதில் வரும். ட்ராயிங் இல்லாம மெஷினை ஆன் பண்ண மாட்டாங்க.

உங்க வாயில பல வருஷம் உட்காரப் போற பல்செட்டுக்கு அந்த ட்ராயிங் இருக்கா?

2/
முழு செட்டைப் பத்திப் பேசல. சில பல் போய், சில பல் மிச்சம் இருக்கறவங்களுக்குப் போடற, கழற்றி மாட்டுற செட். நாங்க 'பார்ஷியல்'னு சொல்வோம். அதை உங்க பல் டாக்டர் கையால செய்யறதில்ல. அளவு எடுத்து லேபுக்கு அனுப்புவாரு, அங்க டெக்னீஷியன் செய்வாரு. நடுவுல ஒரு சீட்டு போகும்.

இந்த இழை அந்தச் சீட்டைப் பத்தி.

3/
நான் சூளகிரியில பல் மருத்துவர். லேபுக்குப் போகும்போதெல்லாம் டெக்னீஷியன்கள் சீட்டுகளை எடுத்துக் காட்டுவாங்க. அதிகமா நான் பார்த்தது இந்த மாதிரிதான்:

"கீழ் பார்ஷியல். 36, 46. ஏ2. வெள்ளிக்கிழமை வேணும்."

அவ்வளவுதான். சில நேரம் அதுவும் இல்ல, வாட்ஸாப்ல ஒரு வாய்ஸ் நோட்.

4/
"அளவு போகுதே, மாடலைப் பார்த்தா டெக்னீஷியனுக்குத் தெரியாதா?"னு கேப்பீங்க.

மாடல்ல எந்தப் பல் இல்லைன்னு தெரியும். எந்தப் பல் ஆடுதுன்னு தெரியாது. கல்லுல எல்லாப் பல்லும் உறுதியாத்தான் நிக்கும். எந்தப் பல்லை அடுத்த மாசம் பிடுங்கப் போறோம், எந்த இடத்துல ஈறு மெத்துனு இருக்கு, எந்த இடத்துல தொட்டாலே வலிக்குது, எதுவுமே கல்லுல இருக்காது. அதெல்லாம் தெரிஞ்ச ஒரே ஆள் வாயைத் திறந்து பார்த்தவர்.

5/
அவர் எழுதலைன்னா என்ன ஆகும்? டெக்னீஷியன் ஊகிப்பாரு. கொக்கி போட வாகா இருக்கற பல்லுல கொக்கி போடுவாரு. அது ஏற்கெனவே ஆடற பல்லா இருந்தா, தினமும் காலையில மாட்டி ராத்திரி கழட்டறப்போ அந்தக் கொக்கி அதை அசைச்சு அசைச்சு எடுத்துடும். வேலியில தளர்ந்த கம்பத்துல மாட்டைக் கட்டின கதைதான்.

6/
இன்னும் முக்கியமான விஷயம் 'ரெஸ்ட்'. பல்செட்டோட ஒரு சின்ன உலோகக் கால், மிச்சம் இருக்கற பல்லு மேல உட்காரும். நீங்க மெல்லும்போது பாரத்தைப் பல்லுக்கு அனுப்பறது அதோட வேலை. அது உட்கார பல்லுல 1 முதல் 1.5 மி.மீ. ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி எடுக்கணும். அதை டாக்டர் உங்க வாயில எடுக்கணும், அளவு எடுக்கறதுக்கு முன்னாடியே எடுக்கணும். லேபால முடியவே முடியாத வேலை அது.

7/
ரெஸ்ட் இல்லாத செட் முழுக்க ஈறு மேல நிக்கும். மெல்லும்போது பல்லு கொஞ்சூண்டுதான் அமுங்கும். ஈறு அதைவிடப் பல மடங்கு அமுங்கும். அதனால செட் ஒவ்வொரு கடிக்கும் கீழே இறங்கி, பல்லை ஒட்டின ஈறை உரிச்சுக்கிட்டே போகும். எங்க பாடத்துல இந்த மாதிரி செட்டுக்கு 'ஈறு உரிப்பான்'னே ஒரு கேலிப் பேர் உண்டு. ஈறு இறங்கும், வேர் தெரியும், கூசும், சொத்தையாகும், பல்லு ஆடும்.

மூணு பல்லுக்காகப் போட்ட செட் அஞ்சாவது பல்லையும் கொண்டுபோகும்.

8/
கொத்தமல்லிக் கட்டு சுமக்கிற ஒரு அம்மா வந்திருந்தாங்க. வேற ஒரு இடத்துல கீழ்ப் பல்லுக்கு பார்ஷியல் போட்டிருக்காங்க. ரெண்டு வருஷத்துல, கொக்கி மாட்டியிருந்த ரெண்டு பல்லும் விரல் வெச்சா ஆடுது. "செட்டு நல்லாத்தான் டாக்டர் இருக்குது, என் பல்லுதான் மோசம்"னாங்க.

எனக்குக் கோபம் வந்தது அந்த வார்த்தையிலதான். பல்லு மேல தப்பே இல்ல. யாருமே டிசைன் பண்ணாத ஒரு பொருள் அந்த வாயில இருந்துச்சு. பழியை அந்த அம்மா தன் மேல போட்டுக்கிட்டாங்க.

9/
இது புதுசா கண்டுபிடிக்க வேண்டிய அறிவு இல்ல. எட்வர்ட் கென்னடிங்கிற அமெரிக்கப் பல் மருத்துவர் 1925லேயே, பல் இல்லாத இடம் எங்க இருக்குங்கறதை வெச்சு வாயை நாலு வகையாப் பிரிச்சாரு. ரெண்டு பக்கமும் கடைசிப் பல் இல்லைன்னா 1, ஒரு பக்கம்னா 2, இடைவெளிக்கு முன்னும் பின்னும் பல் இருந்தா 3, முன்பல் நடுக்கோட்டைத் தாண்டின இடைவெளின்னா 4. ஒவ்வொண்ணுக்கும் டிசைன் வேற.

பரீட்சைக்கு இதைக் கலர் பென்சில்ல வரைஞ்சு காட்டாம யாரும் பல் டாக்டர் ஆக முடியாது. போர்டு மாட்டின பிறகு அந்தக் கலர் பென்சில் எங்க போச்சு?

10/
சட்டமும் குழப்பமில்லாமத்தான் இருந்துச்சு. 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர்கள் சட்டம் டென்டல் மெக்கானிக்கை, பல்செட்டும் பல் உபகரணமும் செய்யறவர், பழுது பார்க்கறவர்னு சொல்லிச்சு. செய்யறவர். வாயைப் பார்த்து என்ன செய்யணும்னு முடிவு பண்றது அவர் வேலை இல்ல. அது டாக்டர் வேலை.

11/
ஐரோப்பாவுல 1993ல வந்த மருத்துவக் கருவிகள் உத்தரவு இதை இன்னும் வெளிப்படையா எழுதிச்சு. தனி ஒருத்தருக்காகச் செய்யற கருவின்னா, தகுதியுள்ள மருத்துவர் தன் பொறுப்புல, குறிப்பிட்ட வடிவமைப்பை எழுத்துல கொடுத்துச் செய்யறதுன்னு அதுல இருந்துச்சு. பல்செட் அதுக்குள்ள வந்துச்சு.

அங்க மட்டும் எல்லாம் சரியா நடக்குதான்னா, இல்ல. பிரிட்டன்ல பல பத்தாண்டுகளா லேபுக்கு வர்ற சீட்டுகளை ஆராய்ஞ்சு, கணிசமானதுல டிசைனே இல்லைன்னு திரும்பத் திரும்ப எழுதியிருக்காங்க. ஆனா அங்க அதை எண்ணிப் பார்த்து வெட்கப்பட்டாங்க. நாம எண்ணவே இல்ல.

12/
நம்ம ஊர்லயே ஒப்பிட்டுப் பாருங்க. மருந்துப் பேரைத் தெளிவா, முடிஞ்சா பெரிய எழுத்துல எழுதணும்னு இந்திய மருத்துவக் கவுன்சில் 2016ல விதியைத் திருத்திச்சு. அஞ்சு நாள் சாப்பிடற மாத்திரைக்கு அவ்வளவு கவனம். அஞ்சு வருஷம் வாயில கிடக்கப் போற பொருளுக்கு, நியூஸ் பேப்பர் ஓரத்துல நாலு வார்த்தை.

13/
இந்த எல்லைப் பகுதியில பிரச்சனை இன்னும் அதிகம். பேஷண்ட் வீட்ல தெலுங்கோ கன்னடமோ பேசுவாங்க. டாக்டர் தமிழ். அளவு அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு லேபுக்குப் போகும். அங்க செய்யற பையன் ஹிந்தி பேசறவரா இருக்கலாம். இதுல "அந்தக் கடைசிப் பல்லுக்கு லேசா கம்பி குடுப்பா"ன்னு ஒரு வாய்ஸ் நோட். எந்தக் கடைசி? என்ன லேசு?

நாலு மொழிக்கும் பொதுவான மொழி ஒண்ணுதான்: வரைபடம்.

14/
நம்பரும் ஆபத்துதான். நாம பயன்படுத்தற ரெட்டை இலக்க முறையில 14னா மேல் வலது முதல் முன்கடைவாய்ப் பல். அமெரிக்க முறையில 14னா மேல் இடது முதல் கடைவாய்ப் பல். ஒரே நம்பர், வாயோட எதிரெதிர் பக்கம். எந்த முறைன்னு ஒரு வார்த்தை எழுதினாப் போதும், இல்ல பல் படத்துல வட்டம் போட்டாப் போதும்.

15/
அடுத்து கலர். கிருஷ்ணகிரி, தருமபுரியில போர் தண்ணி குடிச்சு வளர்ந்தவங்க பல்லைப் பார்த்திருப்பீங்க. பழுப்புப் பட்டை, சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு. ஃப்ளோரைடு அதிகமான தண்ணி, பல் உருவாகற சின்ன வயசுல செய்யற வேலை. அதுக்காகவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோட வந்து 2013ல திறந்தாங்க. ஆனா அதுக்கு முன்னாடி வளர்ந்தவங்கதான் இப்போ பல்செட்டுக்கு வர்றாங்க.

அந்த வாய்க்கு 'ஏ2'னு எழுதி அனுப்பினா, திட்டுத் திட்டான பல் வரிசையில மூணு பல் மட்டும் டைல்ஸ் மாதிரி பளிச்சுனு நிக்கும். ஒரு ஃபோட்டோ அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

16/
சரி, நல்ல சீட்டு எப்படி இருக்கும்? ஒரு உதாரணம்:

கீழ்த்தாடை. இல்லாத பல்: 36, 37, 46, 47. கென்னடி 1.
கோபால்ட் குரோம் பிரேம். நாக்குப் பக்கம் பார், ஈறு விளிம்புக்குக் குறைஞ்சது 3 மி.மீ. கீழே.
35, 45: முன்பக்கம் ரெஸ்ட், குழி எடுத்தாச்சு. ஐ-பார் கொக்கி, 0.25 மி.மீ. அண்டர்கட்டில்.
34, 44: முன்பக்கம் துணை ரெஸ்ட், குழி எடுத்தாச்சு.
41 லேசா ஆடுது, பாரம் வரக்கூடாது.
கலர் ஏ3, கழுத்துப் பக்கம் பழுப்பு. ஃபோட்டோ பார்க்கவும்.
முதலில் பிரேம் மட்டும் ட்ரையல். பிறகு பல் அடுக்கி ட்ரையல். பிறகுதான் ஃபினிஷ்.
அளவு கிருமிநீக்கம் செய்தது.
சந்தேகம் இருந்தா செய்யறதுக்கு முன்னாடி கூப்பிடவும்.

கூடவே ஒரு பல் படத்துல டிசைன் வரைஞ்சது. மொத்தம் பத்து நிமிஷம்.

17/
இனி எதிர்வாதம். நம்ம ஆட்கள் சொல்ற முதல் பதில்: "லேப்காரனுக்கு நம்மளவிட நல்லாத் தெரியும்."

நல்ல டெக்னீஷியனுக்கு உலோகத்தைப் பத்தி, அக்ரிலிக்கைப் பத்தி நம்மளவிட நிறையத் தெரியும். மறுக்கல. அவரைக் கலந்து பேசித்தான் டிசைன் பண்ணணும். ஆனா கலந்து பேசறது வேற, தலையில கட்டறது வேற. செட் சரியில்லைன்னா "லேப் சொதப்பிட்டாங்க"ன்னு பேஷண்ட் முன்னாடி சொல்றீங்களே, அப்போ மட்டும் அவருக்குத் தெரியாமப் போயிடுதா?

18/
ரெண்டாவது பதில்: "இவ்ளோ கம்மிக் காசுக்கு டிசைன் எல்லாம் கட்டுப்படியாகாது."

எல்லாருக்கும் கோபால்ட் குரோம் பிரேம் போடச் சொல்லல. சாதாரண அக்ரிலிக் செட்டுக்கும் டிசைன் உண்டு. எந்தப் பல்லுல கம்பி, கம்பி எவ்வளவு கனம், எங்க ரெஸ்ட், ஈறு ஓரத்தை எங்க விட்டு விலகணும். மலிவான செட்டுக்குத்தான் இன்னும் கவனம் வேணும். ஏன்னா அதைப் போடறவங்களால இன்னொரு செட்டுக்கு மறுபடி காசு புரட்ட முடியாது.

19/
செட் சேரலைன்னா திரும்பச் செய்யணும். அதுக்கு யார் காசு கட்டறாங்க தெரியுமா? லேப் இன்னொரு தடவை இலவசமாச் செய்யும். டாக்டருக்கு அரைமணி நேரம் போகும். கான்ட்ராக்ட்ல கம்பெனி வேலைக்குப் போற பேஷண்டுக்கு ஒரு நாள் சம்பளம் போகும், அந்த மாச அட்டெண்டன்ஸ் போனஸ் போகும். பில்லுல வராத செலவு அது.

20/
மூணாவது பதில், இப்போ ஃபேஷன்: "எல்லாம் ஸ்கேனர் வந்தாச்சு சார், டிஜிட்டல்."

ஸ்கேனர் வாயோட உருவத்தை எடுக்கும். அதுல பல் ஆடறது தெரியாது, ஈறோட மெத்துத்தனம் தெரியாது, உங்க முடிவும் தெரியாது. ஜிப்சம் கல்லுக்குப் பதிலா கம்ப்யூட்டர்ல கல்லு, அவ்வளவுதான். டிசைன் இல்லாத ஸ்கேன், வேகமாப் போற காலிச் சீட்டு.

21/
இன்னொண்ணு, "ஃப்ளெக்ஸிபிள் போட்டுக்குங்க, கம்பியே தெரியாது". சில வாய்க்கு அது சரிதான். ஆனா நிறைய இடத்துல அதைத் தேர்ந்தெடுக்கறது டிசைன் யோசிக்க வேண்டாம்ங்கறதுக்காக. வழக்கமா அதுல ரெஸ்ட் இருக்காது, பாரம் முழுக்க ஈறு மேல. அழகுக்காகக் காசு அதிகம் கொடுத்து, 7ஆவது ட்வீட்ல சொன்ன அதே பிரச்சனையை வாங்கிக்கறீங்க.

22/
டெக்னீஷியன் ஏன் காலிச் சீட்டைத் திருப்பி அனுப்பறதில்ல? திருப்பி அனுப்பினா டாக்டர் அடுத்த லேபுக்குப் போயிடுவாரு. கேள்வி கேக்கற லேபுக்கு 'தொல்லை'னு பேர். கேக்காம செய்யற லேபுக்கு 'நல்ல சப்போர்ட்'னு பேர். சிப்காட்ல ட்ராயிங் இல்லாம வேலையை எடுத்துச் செய்யற வெண்டரை ஆடிட்ல தூக்கிடுவாங்க. நாம அவனைத்தான் தலையில வெச்சுக்கறோம்.

23/
இப்போ நீங்க, பேஷண்ட். பார்ஷியல் போடப் போறீங்கன்னா அளவு கொடுக்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க:

ஒண்ணு, "டாக்டர், எந்தெந்தப் பல்லுல கொக்கி வரும்? அந்தப் பல்லு அதைத் தாங்குமா?"
ரெண்டு, "செட் பல்லு மேல நிக்குமா, ஈறு மேல நிக்குமா?"
மூணு, "லேபுக்கு எழுதறதுல எனக்கும் ஒரு காப்பி தர்றீங்களா?"

மரியாதையாக் கேளுங்க. டிசைன் பண்ற டாக்டர் சந்தோஷமாச் சொல்வாரு, படம் வரைஞ்சே காட்டுவாரு. யாராவது கோபப்பட்டா, அந்தக் கோபமே உங்களுக்குப் பதில்.

24/
அந்தக் காப்பியை வீட்ல பத்திரமா வையுங்க. நாளைக்கு செட் உடைஞ்சாலோ, வேலை மாறி வேற ஊருக்குப் போனாலோ, அடுத்த டாக்டருக்கு அது வேணும். வண்டிக்கு ஆர்.சி. புக் வெச்சிருக்கற மாதிரி.

25/
சக டாக்டர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு அனுப்பப் போற ஒரு சீட்டுல, ஒரே ஒரு பார்ஷியலுக்கு, டிசைனை வரைஞ்சு அனுப்புங்க. லேபுக்கு: காலிச் சீட்டு வந்தா வேலையை ஆரம்பிக்காதீங்க, ஃபோன் பண்ணுங்க. இந்தப் பகுதி லேபுகள் எல்லாம் சேர்ந்து அப்படி முடிவு பண்ணிட்டா, ஓடிப்போக அடுத்த லேப் இருக்காது.

கையெழுத்துப் போட்டு டிசைன் எழுதறது டாக்டரோட பொறுப்பு. அதை எழுதாம விட்டா, அந்தப் பொறுப்பு பேஷண்ட்டோட பல்லு மேல போய் உட்காரும்.

பல்செட் போடப் போற அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது வீட்ல இருந்தா, 23ஐ மட்டுமாவது காட்டுங்க.